குசினி சிங்க் மணக்கிறதா? முதலில் இடத்தைப் பிடியுங்கள்

சிங்க் மணக்கத் தொடங்கினால் பெரும்பாலான ஆக்கள் செய்வது இரண்டில் ஒன்று. கடையில் வாசனைத் திரவம் ஒன்றை வாங்கி வந்து ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கொட்டி, நுரை பொங்குவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அதே மணம் அப்படியே திரும்பி வரும். நாற்றம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே மருந்து போடுவதால்தான் இப்படி நடக்கிறது. சிங்கின் வாயிலிருந்து வளவுக்குள் இருக்கிற கழிவுத்தண்ணீர்க் குழி வரைக்கும் நாற்றம் பிறக்கக்கூடிய இடங்கள் நாலைந்துதான், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு, ஒன்றுக்குச் செய்வது மற்றதற்குப் பலன் தராது. இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பெரிய செலவில்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மூக்கை நம்புங்கள். எல்லா நாற்றமும் ஒன்றில்லை, நம் யாழ்ப்பாணத்துக் குசினிகளில் வருவது பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று மீன் வெடுக்கு. கடல்மீனின் தசையில் இயல்பாகவே இருக்கிற ஒரு பொருளைப் பற்றீரியாக்கள் டிரைமெதிலமைன் என்ற வாயுவாக மாற்றுகின்றன, சின்னக்கடை மீன்சந்தையில் காலையில் வாங்கிய மீனைச் சிங்கில் வைத்துச் செதில் உரித்து வெட்டினால் பின்னேரம் வருகிற மணம் அதுதான். இது காரத்தன்மை உள்ளது, அதனால் அமிலம் பட்டவுடன் உப்பாக மாறித் தண்ணீரோடு கரைந்து போகும், காற்றில் எழும்பி மூக்குக்கு வராது. மீனைத் தேசிக்காயோ பழப்புளியோ போட்டுக் கழுவுகிற பழக்கம் வந்தது சும்மா இல்லை. ஆகவே மீன் வெட்டிய சிங்குக்குத் தேசிக்காய்ப் பாதி ஒன்றோ கொஞ்சம் வினாகிரியோ நல்ல மருந்து, அப்பச்சோடா அங்கே ஒன்றும் செய்யாது.

இரண்டாவது புளித்த மணம், ஊசின மணம். சோற்றுக் கஞ்சி, தேங்காய்ப்பால், பால்மா, கூழ்ச் சட்டி கழுவின தண்ணீர், இவையெல்லாம் குழாயின் சுவரில் ஒட்டி இருந்து புளிக்கும்போது வருவது. இதை உண்டாக்குவது அமிலங்கள். அப்பச்சோடா வேலை செய்வது இங்கேதான்.

இப்போது அந்தப் பிரபலமான கலவைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்பச்சோடா காரம், வினாகிரி அமிலம், இரண்டையும் சேர்த்தவுடன் அவை ஒன்றையொன்று முடித்துவிட்டுக் காபனீரொட்சைட்டு வாயுவாக நுரைத்துப் போகும், மிஞ்சுவது ஒருவித உப்புக் கரைந்த தண்ணீர். நுரை பொங்கும்போது தளர்ந்து இருக்கிற ஊத்தை கொஞ்சம் கிளம்பும், அது உண்மை. ஆனால் மீன் வெடுக்குக்கு வேண்டிய அமிலமும் போச்சு, புளித்த மணத்துக்கு வேண்டிய காரமும் போச்சு. தனித்தனியாகப் பாவித்தால் இரண்டுமே நல்ல சாமான்கள்.

மூன்றாவது அழுகின முட்டை மணம். இது வேறு கதை. காற்றுப் படாத இடத்தில் வாழ்கிற பற்றீரியாக்கள் உண்டாக்குகிற ஐதரசன் சல்பைட்டு அது. சிங்கின் வாயில் காற்றுத் தாராளமாகப் படுவதால் இந்த மணம் அங்கே அவ்வளவாகப் பிறக்காது, உள்ளே எங்கேயோ தேங்கி நிற்கிற சேற்றிலிருந்தோ வெளியே இருக்கிற குழியிலிருந்தோதான் வர வேண்டும். மேலே எதை ஊற்றினாலும் அது அங்கே போய்ச் சேராது, சேர்ந்தாலும் போதாது.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, சில வீடுகளில் சிங்க் மணக்கிறது என்று மாதக்கணக்கில் எதையெதையோ ஊற்றியிருப்பார்கள், கடைசியில் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரோ மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கியோதான் மணந்திருக்கும். கிளாஸில் மணம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, தாங்கியைக் கழுவுங்கள், கிணற்றைப் பாருங்கள். கிளாஸில் மணம் இல்லாவிட்டால், ஒரு வெள்ளைத் துணியை நனைத்துச் சிங்கின் வாய், வலைத்தட்டின் அடிப்பக்கம், சிங்கின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கிற வழிவுத் துளை ஆகிய மூன்றையும் துடைத்து அந்தத் துணியை மணந்து பாருங்கள். அதிலேயே நாற்றம் இருந்தால் பாதி வேலை முடிந்தது, பழைய பல் தூரிகையும் சவர்க்காரமும் போதும். வலைத்தட்டைத் தினமும் மேல்பக்கம் கழுவுகிறவர்கள்கூட அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த வழிவுத் துளையை நினைத்தே பார்ப்பதில்லை, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் எப்போதாவதுதான் ஓடும், ஊத்தை மட்டும் தெறித்துப் போய் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

துணி மணக்கவில்லை, ஆனாலும் குசினி மணக்கிறது என்றால் கீழே குனிய வேண்டும்.

சிங்கின் அடியில் குழாய் நேராகச் சுவருக்குள் போகாமல் ஒரு வளைவு எடுத்துப் போகும், அல்லது ஒரு சின்னப் போத்தல் மாதிரி ஒரு பாகம் தொங்கும். பிளம்பர்கள் அதை ட்ராப் என்பார்கள். அதன் வேலை ஒன்றே ஒன்று: கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தன்னிடம் பிடித்து வைத்திருப்பது. இரண்டு மூன்று இஞ்சி உயரத் தண்ணீர்தான், ஆனால் வெளியே குழிக்குள் இருக்கிற வாயு குழாய் வழியாக ஏறி வீட்டுக்குள் வராமல் மறிக்கிற கதவு அதுதான். 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்து மணிக்கூட்டுக்காரர் மலசலகூடத்துக்கென்று வளைந்த குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார், இன்றைக்கும் உலகம் முழுக்க அதே யோசனைதான் ஓடுகிறது, அதைவிட மலிவாகவும் நிச்சயமாகவும் நாற்றத்தை மறிக்கிற வழி இன்னும் வரவில்லை.

இந்தத் தண்ணீர்க் கதவு மூன்று விதமாகக் கெட்டுப்போகும்.

பாவிக்காமல் விட்டால் தண்ணீர் காய்ந்துவிடும். நம் ஊரில் இது மெத்தப் பழக்கமான பிரச்சினை. வீட்டுக்காரர் கனடாவில், வீடு பூட்டிக் கிடக்கிறது, சோளகக் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் ட்ராப்பில் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க அழுகின முட்டை மணம். பயந்து பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். சிங்க், குளியலறைத் தரையில் இருக்கிற துளை, பாவிக்காத கழுவுதொட்டி என்று ஒவ்வொன்றிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள். மணம் போய்விட்டால் விஷயம் அதுதான். பூட்டி வைக்கிற வீட்டைப் பார்த்துக்கொள்கிற அயலட்டை ஆக்களிடம், வந்து லைட்டைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாத் துளையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் உறிஞ்சப்படுவது. சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடும்போது கடைசியில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டால், குழாய்க்குள் காற்றுப் போக வழியில்லாமல், ஓடுகிற தண்ணீர் ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். குழாய் வழியில் காற்றுக்குழாய் ஒன்று மேலே எழுப்பிவிட்டால் இது நிற்கும், இதற்குப் பிளம்பர் வேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிடுங்கள், கதவு திரும்ப மூடிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஹாட்வெயார் கடைகளில் மடிப்பு மடிப்பாக, இழுத்தால் நீண்டு எந்தப் பக்கமும் வளைகிற பிளாஸ்ரிக் குழாய் ஒன்று விற்கிறார்கள். மலிவு, அளவெடுத்து வெட்டத் தேவையில்லை, அதனால் புது வீடுகளில்கூட அதையே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை ஒரு வளைவு வளைத்துக் கட்டிவைத்தால் ட்ராப் மாதிரித் தண்ணீர் நிற்கும், ஆனால் பல வீடுகளில் வளைக்காமலேயே நேராகச் சுவர்த் துளைக்குள் செருகியிருப்பார்கள், அப்படியானால் குழிக்கும் உங்கள் குசினிக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. வளைத்திருந்தாலும் அந்த ஒவ்வொரு மடிப்பும் எண்ணெயும் தேங்காய்ப்பூவும் போய்த் தங்குவதற்குக் கட்டிக்கொடுத்த அறைதான். சிங்குக்குக் கீழே இந்தக் குழாய் இருந்தால், உட்பக்கம் வழுவழுப்பான எஸ்லோன் (பிவிசி) குழாயும் கழற்றக்கூடிய போத்தல் ட்ராப்பும் போட்டுக்கொள்ளுங்கள், குசினி நாற்றத்துக்காக நீங்கள் செய்கிற செலவுகளில் பிரயோசனமானது அதுதான். அதோடு சுவருக்குள் குழாய் நுழைகிற இடத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் அதையும் அடையுங்கள், ட்ராப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஓட்டையால் வாயு வரும், கரப்பானும் வரும்.

ட்ராப் சரியாக இருக்கிறது, தண்ணீரும் நிற்கிறது, ஆனாலும் காலையில் முதல் தண்ணீர் திறந்தவுடன் ஒரு மணம் கிளம்பி வருகிறதா? அப்படியானால் உள்சுவரில் பாசி மாதிரி ஒரு வழுக்குப் படை இருக்கிறது. போத்தல் ட்ராப்பின் அடிக்கோப்பையை ஒருநாள் கழற்றிப் பாருங்கள், கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுக் கையால் திருகினாலே வரும். முதலில் கறுத்த தண்ணீர் விழும், பிறகு கூழ் மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு வரும், அதற்குள் கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, வெந்தயம், சாம்பல் நிறமாகிப்போன தேங்காய்ப்பூ, மீன் செதில் ஒன்றிரண்டு, எல்லாம் கொழுப்பில் ஒட்டிப் பிடித்தபடி. கோப்பையின் உட்பக்கத்தை விரலால் தடவினால் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படை சுருண்டு வரும். அந்தப் படை முழுக்க உயிருள்ள பற்றீரியாக்கள். அவை தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன, பல்லில் ஒரு இரவுக்குள் படிகிற படை எப்படியோ அப்படி. பல்லில் படிந்ததை வாய் கொப்பளித்து எடுக்க முடியாது, தேய்க்கத்தான் வேண்டும். இதுவும் அப்படித்தான், பிளீச் ஊற்றினால் மேல்பரப்பில் உள்ளவை சாகும், பசைக்கு அடியில் இருப்பவை பிழைத்துக்கொண்டு இரண்டு நாளில் பெருகிவிடும். பற்றீரியா நன்றாகப் பெருகுவது 30 பாகை செல்சியஸுக்கு மேலே, நம் குசினியின் மத்தியானச் சூடும் ஏறத்தாழ அதுதான், ஆகவே அவற்றுக்கு வருஷம் முழுக்க நல்ல காலம்.

அதனால் கழற்றித் தேய்க்கிறதுதான் வைத்தியம். ட்ராப்பைக் கழற்றி முற்றத்தில் வைத்துச் சவர்க்காரமும் போத்தல் தூரிகையும் போட்டு வடிவாகத் தேய்த்துக் கழுவுங்கள். சிங்கின் வாயிலிருந்து ட்ராப் வரைக்கும் இருக்கிற குட்டைக் குழாயையும் விடாதீர்கள், நாற்றம் கூடுதலாகப் பிறப்பது அங்கேதான், ஏனென்றால் அது மூக்குக்கும் கிட்ட இருக்கிறது, தண்ணீர்க் கதவுக்கும் மேலே இருக்கிறது. திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடின தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கலந்து ஒரு வாளி ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் 80 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், மூட்டுகள் கழரும். சோறு வடிக்கிற கஞ்சியை அடுப்பிலிருந்து நேரே சிங்கில் ஊற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும், அது குழாய்க்குச் சூடு, பற்றீரியாவுக்குச் சாப்பாடு, இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கிறது.

கொழுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும், மார்கழி, தை இரவுகளில் போத்தலுக்குள் அது கட்டியாக நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பு எந்த மாதத்திலும் உறையும். இதற்கு மேல் நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம்தான் கொழுப்போடும் சவர்க்காரத்தோடும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு கட்டியாகிறது. 2017இல் லண்டன் வைற்சப்பலில் நிலத்துக்கு அடியில் கழிவுக் குழாயை அடைத்துக்கொண்டு 250 மீற்றர் நீளத்தில் 130 தொன் கொழுப்புக் கட்டி ஒன்று கிடந்ததே, அதுவும் இப்படிக் கொழுப்பும் கல்சியமும் சேர்ந்து உண்டானதுதான், ஈரத் துடைப்பான்களும் அதில் சிக்கியிருந்தன. பொரித்த எண்ணெயையும் இறைச்சிச் சட்டியையும் கழுவ முதல் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தால் ட்ராப்பைக் கழற்ற வேண்டிய தேவையே வெகுவாகக் குறையும்.

இனி ஆபத்தான விஷயம், இதில் யாரும் விளையாடக் கூடாது. பிளீச்சை ஒரு பொழுதும் வினாகிரியோடோ, தேசிக்காயோடோ, மலசலகூடம் கழுவுகிற அசிட்டோடோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், கதவு ஜன்னல் சாத்திய குசினியில் அது நுரையீரலைப் பாதிக்கும். அமோனியா உள்ள கழுவு திரவங்களோடும் பிளீச் சேரக் கூடாது, அதிலும் நச்சு வாயுதான் வரும். ஒன்றை ஊற்றி மணம் போகவில்லை என்று பத்து நிமிடத்தில் அடுத்ததை ஊற்றுவதும் சேர்ப்பதுதான், ட்ராப்பில் பழையது இன்னும் நிற்கிறது. அடைப்பு எடுக்கிற கோஸ்டிக் சோடாவும் அப்படியே. அது தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதை ஊற்றியும் அடைப்பு எடுபடாமல் நின்றுவிட்டால், பிறகு குழாயைக் கழற்ற வருகிற தம்பியின் கையிலும் முகத்திலும்தான் அது கொட்டும், ஆகவே உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று அவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் மணம் என்றால், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையோடு தொடங்கின மணம் என்றால், குழியைத்தான் பார்க்க வேண்டும். மழைக்கு நம் நிலத்தடித் தண்ணீர் கெதியாக மேலே வந்துவிடும், குழிக்குள் இருக்கிறது கீழே இறங்க இடமில்லாமல் நிற்கும், சிங்கில் தண்ணீர் மெதுவாக இறங்கும், குழாய்க்குள் குமிழி அடிக்கும். சில வீடுகளில் குசினித் தண்ணீரையும் மலசலகூடக் குழிக்கே விட்டிருப்பார்கள், அப்படியானால் கொழுப்பு போய்க் குழியின் சுவரை அடைத்து அது இன்னும் கெதியாக நிரம்பும். குழிக் கழிவை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசரை வரவழைத்து எடுப்பியுங்கள். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்க்கவோ இறங்கவோ கூடாது, அழுகின முட்டை மணத்தைத் தருகிற அதே வாயு அங்கே அடர்த்தியாக இருக்கும், அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, ஆள் மயங்கி விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் அப்படியே விழுவார்.

சிங்குக்குள் எதைப் போடக் கூடாது என்பதற்கு நம் ஊரில் நாற்றத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கியாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். நாம் குடிப்பது காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரை. அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருக்கிறது, கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருவதற்கு அதுதான் காரணம். பல இடங்களில் மேல்மண் மெல்லியது. ஆகவே குழிக்குள் போவது மண்ணில் வடிகட்டப்பட்டுச் சுத்தமாக அதிக நேரம் கிடைக்காமலேயே கிணற்றுப் பக்கம் நகரலாம், உங்கள் கிணறாக இல்லாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறு. மீனிலும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள புரதம் அழுகினால் கடைசியில் நைத்திரேற்றாக மாறும். குடிதண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, பால்போத்தல் குடிக்கிற குழந்தைகளுக்கு அது கூடினால் இரத்தம் ஒட்சிசன் காவுகிற சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். தோட்டங்களில் போடுகிற உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு ஏற்கெனவே தாண்டியிருக்கிறது. குசினியிலிருந்தும் நாம் சேர்த்துவிட வேண்டுமா?

அதனால் மீன் வெட்டுவதைப் பின்பக்கம், கிணற்றுக்குத் தள்ளி, ஒரு பலகை வைத்துச் செய்வது பழைய ஆக்களின் சரியான முறை. செதிலும் குடலும் வாழையடியிலோ தென்னையடியிலோ, நாய் கிண்டாத ஆழத்தில் புதைத்தால் அது பசளை. கழுநீரையும் ஆறின கஞ்சியையும் மாடு இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் மரத்துக்கு ஊற்றலாம். தேங்காய்ப்பால் பிழிந்த பூ கோழிக்கு. மாடி வீட்டில் இருக்கிறவர்கள் மீன் கழிவைப் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, குப்பை வண்டி வருகிற காலையில் எடுத்துக் கொடுங்கள், குப்பைவாளியும் மணக்காது. சிங்குக்கு நுண்ணிய கண் உள்ள வலைத்தட்டு ஒன்று போடுங்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் இப்போது சிலர் கேட்கிற கேள்வி, சிங்குக்குக் கீழே மாட்டுகிற அரைக்கிற மெசினைப் பற்றி. ரொறன்ரோவில் அக்கா வீட்டில் இருக்கிறது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு சுவிச்சைப் போட்டால் அரைத்துக்கொண்டு போய்விடுகிறது, இங்கே கட்டுகிற புது வீட்டுக்கும் ஒன்று போடலாமா என்று. 1927இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில், ரசீன் என்ற ஊரில் ஜோன் ஹமஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது அது, 1938இல் இன்சிங்கரேட்டர் கம்பனியைத் தொடங்கினார். பலர் நினைப்பதுபோல் அதற்குள் கத்தி கிடையாது. வேகமாகச் சுற்றுகிற ஒரு தட்டும் அதன் மேல் ஆடுகிற இரண்டு உலோகத் துண்டுகளும், சுற்றிவர துருவி மாதிரி ஒரு வளையமும்தான், கழிவு அந்த வளையத்தில் மோதி மோதித் துகளாகித் தண்ணீரோடு போகும். போவது நகரத்தின் கழிவுக் குழாய்க்கு, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நியூயோர்க் நகரம்கூடத் தன் பழைய குழாய்கள் தாங்காது என்று 1997 வரைக்கும் வீடுகளில் அதைத் தடைசெய்து வைத்திருந்தது. நம் வீட்டுக் குழாய் போவது நம் வளவுக்குள் இருக்கிற குழிக்கு. அரைத்த சாப்பாடு அங்கே போய்ச் சேறாகப் படியும், குழி கெதியாக நிரம்பும், மிச்சம் நிலத்துக்குள் இறங்கும். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் குழி உள்ள எந்த வீட்டுக்கும் அது வேண்டாம். நம் சமையலும் அதற்கு ஒத்து வராது. முருங்கைக்காய்ச் சக்கையும் வாழைப்பூ மடலும் நாரால் தட்டைச் சுற்றிக்கொள்ளும், சோறு ஊறிப் பருத்து ட்ராப்பை அடைக்கும், நண்டுக் கோதும் பெரிய மீன் முள்ளும் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடக்கும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள், அது மணக்கிறது என்றால் செய்ய வேண்டியது இதுதான். சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள். வாயில் இருக்கிற கறுத்த ரப்பர் இதழ்களை ஒவ்வொன்றாக மேலே மடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், நாற்றத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், தண்ணீர் மேலிருந்து விழுவதால் அந்த அடிப்பக்கம் ஒரு நாளும் கழுவுப்படுவதில்லை. தூரிகையும் சவர்க்காரமும் போட்டு அதைத் தேய்த்து எடுங்கள், பல மெசின்களில் அந்த ரப்பரைத் தனியாகக் கழற்றவும் முடியும். உள்ளே கையை விடக் கூடாது, ஏதும் விழுந்திருந்தால் இடுக்கியால் எடுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு, இரண்டு கை ஐஸ் கட்டியும் ஒரு கை உப்புக்கல்லும் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓடவிட்டால், உலோகப் பாகங்களில் ஒட்டியிருப்பது உரசுப்பட்டுப் போகும். தேசிக்காய்த் தோல் கடைசியில் வாசனைக்கு மட்டும், அது கழுவாது. தினப் பாவனையில் பச்சைத் தண்ணீர் நன்றாக ஓடும்போதுதான் அரைக்க வேண்டும், சுடுதண்ணீர் கொழுப்பை உருக்கி அப்பால் கொண்டுபோய்க் குழாயில் உறைய வைக்கும். சத்தம் நின்ற பிறகும் அரை நிமிடம் தண்ணீர் ஓடட்டும். அந்த ரப்பர் வெடித்துக் கடினமாகிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் மணம் போகாது, மாற்ற வேண்டும். இங்கே கடைகளில் தேடி அலையாமல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம், ஆனால் மெசினின் மாதிரி இலக்கத்தையும் வாயின் விட்டத்தையும் படமெடுத்து முதலே அனுப்பிவிடுங்கள், அளவு மாறினால் அது பொருந்தாது.